தலைவர் நகர மறுக்கிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் நான்கு பேரும் உன் நாய்கள் இரண்டும் ஈரமாக இருக்கிறோம், மற்றபடி நலம். நீயும் அத்தானும் அங்கே காய்ந்த துணி உடுத்திக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வீட்டில் கைபேசி வேலை செய்ய வேண்டுமென்றால் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் ஏறி நிற்க வேண்டும் என்பதை நீ என்னிடம் சொல்ல மறந்திருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். காலையில் வரும் பால் வண்டிக்காரர் நீ இருக்கும் ஊர் வழியாகத்தான் போகிறாராம், கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைவர் என் இரண்டு பாதங்களின் மேலும் படுத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்து கோணினால் அதுதான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ உடனே புறப்பட்டு வந்து உன் நாய்களை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

"வீடு சும்மா பூட்டித்தானே கிடக்கப்போகுது, வந்து இருங்களேன், பச்சைப்பசேல்னு இருக்கும், பிள்ளைக்கும் நல்ல காத்து" என்று நீதான் கூப்பிட்டாய். நாங்கள் வண்டியில் சாமானெல்லாம் ஏற்றிக் கயிறு கட்டி முடித்த பிறகுதான் "நாய் ரெண்டும் அங்கதான் இருக்கும், ஒண்ணும் பண்ணாது" என்று சேர்த்துக்கொண்டாய். தலைவரைப் பொறுத்தவரை அது அப்பட்டமான உண்மை. அவர் ஒன்றுமே பண்ணுவதில்லை. கன்றுக்குட்டி அளவு உடம்பை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் எந்த வாசலில் நடமாட்டம் அதிகமோ அந்த வாசலில் குறுக்கே படுத்துவிடுகிறார். அவர் பண்ணாததையெல்லாம் சேர்த்துச் செயலாளர் பண்ணுகிறது. (பெரியதற்குத் தலைவர், சின்னதற்குச் செயலாளர் என்று பெயர் வைத்த அத்தானை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நாயை வாய் நிறைய 'அவர், இவர்' என்று பேசிக்கொண்டிருக்கிறேன், பார்.)

மழை நாங்கள் வந்து இறங்கியபோது ஆரம்பித்தது, எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி. இவர் விடுமுறைக்கென்று ஒரு வைக்கோல் தொப்பியும் ஒரு பெரிய பட்டமும் வாங்கி வந்திருந்தார். தொப்பியை அன்றைக்கே செயலாளர் தின்றுவிட்டது. பட்டத்தைக் கூடத்தில் ஒழுகுகிற இடத்தில் ஏணி போட்டு ஒட்டியிருக்கிறோம், அப்படியும் ஒழுகுகிறது. கீழே வைத்த வாளியைத் தனக்கென்று வைத்ததாகத் தலைவர் எடுத்துக்கொண்டார், நிறைய நிறையக் குடித்துவிடுகிறார், அதில் ஒரு வசதி, வாளியை யாரும் கொட்ட வேண்டியதில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை, காய்ந்த ஒன்றிரண்டின் மேல் செயலாளர் படுத்திருக்கிறது, என் மாமனார் இரண்டு நாளாக உன்னுடைய பூப்போட்ட சால்வையில்தான் நடமாடுகிறார், கேட்டால் "எனக்கு இது எடுப்பாத்தாம்மா இருக்கு" என்கிறார். நேற்று கொஞ்ச நேரம் மழை விட்டது. ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டிக் கதவைத் திறந்தோம், எங்களுக்கு முன்னால் நாய்கள் ஏறிக்கொண்டன, பாதி வழியில் வண்டி சேற்றில் புதைந்தது, மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. இவர் இறங்கித் தள்ளினார். தலைவர் பின் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக, வேலை வாங்குகிற மேஸ்திரி மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை இறங்கச் சொல்லுங்க, பாரமாவது குறையும்" என்றேன்.

"நீ சொல்லு. உங்க வீட்டு நாய்தானே" என்றார் இவர்.

"எங்க அத்தான் வளர்த்தது."

"அதான் தள்ளுறவனைப் பார்த்து அனுதாபமே இல்லாம உக்காந்திருக்கு."

இதெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டிருப்பேன் அக்கா. ஆனால் நான் இங்கே வந்தது ஊர் பார்க்க இல்லை என்று உனக்குத் தெரியும். என் குட்டிப் பெண் பட்டாணிக்கு மூன்று வயது நெருங்குகிறது, இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னதெல்லாம் புரிகிறது, செருப்பை எடுத்து வா என்றால் என்னுடையதை விட்டுவிட்டு அவள் அப்பாவுடையதைச் சரியாக எடுத்து வருகிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை. வேண்டுமென்றால் கையை நீட்டுவாள், வேண்டாமென்றால் முகத்தைத் திருப்புவாள். நீ சொல்வாய், "நீயும் லேட்டாத்தாண்டி பேசின, அப்புறம் நிறுத்தவே இல்லையே" என்று. எனக்கு அது ஆறுதலாக இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை, இவளுக்கு இளையது, மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "ஆன்ட்டி, உங்க பாப்பா ஏன் பேச மாட்டேங்குது" என்று ஒரு நாள் கேட்டது. அன்றிலிருந்து நான் மாடிப்படிப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். இங்கிருந்து திரும்பியதும் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் போக நாள் வாங்கியிருக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'அம்மா' வந்துவிட்டால் போதும் என்று எனக்கு இருந்தது.

அதனால்தான் படம் போட்ட அட்டைகள் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தேன். முதலில் பெயர்ச்சொல் வரும், வினைச்சொல் பிறகு வரும் என்று படித்திருந்தேன். அம்மா, ஆடு, இலை என்று வரிசையாகக் காட்டி, நிறுத்தி, உதட்டைப் பார்க்கச் சொல்லி, தெளிவாகப் பேச வேண்டும், வீட்டில் எல்லோரும் அப்படியே பேச வேண்டும் என்று இவருக்கும் மாமனாருக்கும் கட்டளை போட்டிருந்தேன். வண்டியில் வரும்போது மாமனார் "அதோ... மரம்... மரத்தில்... பறவை" என்று தந்தி அடிக்கிற மாதிரிப் பேசிக்கொண்டே வந்தார், பாவம். இங்கே வந்த மறுநாளே எல்லாம் பாழ். சமையலறைக்குப் போனால் வாசலில் தலைவர், நகரு. குளியலறைக்குப் போனால் அங்கே, நகரு. கையில் கொதிக்கிற பாத்திரத்தோடு திரும்பினால் காலடியில், அட நகரு. மாமனார் மட்டும் "தலைவரே, கொஞ்சம் நகரு" என்று பாதி மரியாதையோடு சொல்வார். இவர் முட்டி போட்டு, இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே சொல்வார். ஒருவருக்கும் தலைவர் நகர்ந்ததில்லை, தாண்டித்தான் போனோம். நாலு பேர் விடுமுறைக்கு வந்த வீட்டில் மனிதர்கள் பேசிக்கொள்வது நின்றுபோய் நாய்க்குச் சொல்வது மட்டும்தான் மிச்சம். என் அட்டைப் பெட்டியில் ஆட்டையும் இலையையும் செயலாளர் மென்று துப்பிவிட்டது. 'அம்மா' அட்டையை மட்டும் தொடவில்லை. சுவை பிடிக்கவில்லையோ என்னவோ.

இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். மழை கொட்டுகிறது. கூடத்துக் கதவு திறந்திருக்கிறது, வாசலில் தலைவர், அவருக்கு அப்பால் முற்றத்துத் தண்ணீரில் செயலாளர் தவளை ஒன்றைத் துரத்திக்கொண்டிருக்கிறது. பட்டாணியைச் சின்ன நாற்காலியில் உட்கார வைத்து, அவள் எதிரில் நான் குந்தியிருந்தேன். அட்டையை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அம்மா. சொல்லு கண்ணு. அ... ம்... மா" என்று, இன்றைக்கு எத்தனையாவது தடவையோ. அவள் வலது பக்கம் சாய்ந்தாள், பார்வை அலைகிறதே என்று நானும் அட்டையை வலது பக்கம் கொண்டுபோனேன். இடது பக்கம் சாய்ந்தாள், நானும் இடது பக்கம். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"நகலு" என்றாள்.

அக்கா, நான் அட்டையைக் கீழே போட்டுவிட்டேன். ஒழுகலை அடைத்துக்கொண்டிருந்த இவர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். மாமனார் சால்வையோடு எழுந்து நின்றுவிட்டார். அவர் வேலை பார்த்தது நீதிமன்றத்தில் நகல் பிரிவில் என்று உனக்குத் தெரியும்தானே, ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்கு வருகிற காகிதத்தையெல்லாம் "ஒரு நகல் எடுத்து வை" என்பார்.

"நகல்" என்றார் மாமனார். "என் பேத்தி நகல்னு சொல்லிட்டா."

"அப்பா, சும்மா இருங்க. அவளுக்கு நகல்னா என்னன்னு தெரியுமா?" என்றார் இவர்.

"தெரியாமதான் சொல்றாளா? உனக்கு வராத தொழில் அவளுக்கு வந்திருக்கு. ஒரு தலைமுறை விட்டு வரும்டா இதெல்லாம்."

"அம்மான்னு சொல்ல வந்திருப்பா மாமா" என்றேன் நான்.

"அம்மாவுல ந எங்கம்மா வருது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன வார்த்தையாக இருந்தால் என்ன, வார்த்தைதானே. இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று நான் நாற்காலிக்கு இன்னும் பக்கத்தில், அவள் மூக்கும் என் மூக்கும் இடிக்கிற அளவுக்குப் போய், "என்ன தங்கம், இன்னொரு வாட்டி சொல்லு, அம்மாவுக்காக" என்றேன். "நகலு" என்றாள். "என்னடா செல்லம்?" என்று இன்னும் நெருங்கினேன். அவள் நாற்காலியை விட்டு இறங்கினாள். இரண்டு கையையும் என் தோளில் வைத்தாள். அவள் அப்பா நாயைத் தள்ளுகிற அதே மாதிரி, முதுகை வளைத்து, காலை ஊன்றி, என்னைத் தள்ளினாள்.

"நகலு."

முதலில் புரிந்தது இவருக்குத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். "உன்னைத்தாண்டி சொல்றா. தவளை தெரியலையாம். நகரு."

கல்லூரியில் மூன்று வருடம் இலக்கணம் படித்தேன் அக்கா. நகர், ஏவல் வினை. 'நீ' என்கிற எழுவாய் வெளியே தெரியாது, உள்ளே நின்றுகொண்டிருக்கும், தோன்றா எழுவாய் என்று பெயர். வார்த்தை ஒன்றுதான், ஆனால் முழு வாக்கியம். என் மகள் பெயர்ச்சொல்லையெல்லாம் தாண்டி நேரே வாக்கியத்துக்குப் போய்விட்டாள். அந்தத் தோன்றா எழுவாய் நான்தான்.

நகர்ந்தேன். வேறு என்ன செய்வது. அவள் என்னைத் தாண்டிப் போய், தலைவரின் வயிற்றில் சாய்ந்து உட்கார்ந்து, தவளை தப்பிக்கிற வரைக்கும் பார்த்தாள். நான் சுவரோரமாக உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். இத்தனை மாதமாக அவள் முகத்தை எதிரிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், பக்கவாட்டில் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. மூக்கு அப்படியே உன் மூக்கு. மாமனாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை, "ரகரம் வராததால நகரு நகலாச்சுன்னு நீங்க சொல்றீங்க, லகரம் சரியா வந்து நகலே சொல்லியிருக்கலாம்ல" என்று சாப்பிடும் வரை வாதாடினார்.

நன்றி இல்லாதவள் என்று நினைக்காதே. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நீயே யோசித்துப் பார். என் குழந்தை முதன்முதலாகப் பேசியது நாய்க்குச் சொல்கிற பேச்சு, அதையும் சொன்னது என்னைப் பார்த்து. இன்னும் ஒரு வாரம் இங்கே இருந்தால் 'இறங்கு', 'துப்பு', 'நக்காதே' என்று இப்படியே ஒரு அகராதி சேர்த்துக்கொண்டு வருவாள். பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் போய் உட்கார்ந்ததும் அவரைப் பார்த்துத் 'துப்பு' என்றால் நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? மனிதர்களிடமிருந்து ஒரு வார்த்தை, அன்பாக ஒரு வார்த்தை அவள் கற்றுக்கொள்ள வேண்டும். ஆகையால் கடிதம் கண்டதும் கிளம்பி வந்துவிடு. வரும்போது கூரைக்கு ஏதாவது பூச வாங்கி வா. அத்தானுக்கு என் வணக்கம், அவர் பெயர் வைக்கிற திறமைக்கு இல்லை, பொதுவாக. மாமனார் உங்கள் இருவருக்கும் ஆசிகள் சொல்லச் சொன்னார், சால்வையைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். இவர் தனியாக எழுதுவாராம், எழுத மாட்டார். நீங்கள் எல்லா நலமும் பெற்று, சேறில்லாத பாதையில் பத்திரமாக வந்து சேர வேண்டும்.

என்றும் உன் அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், உள் அறையிலிருந்து பட்டாணியின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில், ஆனால் தெளிவாக, "வா" என்றாள். இதிலும் எழுவாய் தோன்றவில்லை. மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே, நீ வர வேண்டாம், அத்தானோடு நன்றாக ஊர் சுற்றிவிட்டு நிதானமாக வா, நாய்கள் எங்களோடு இருக்கட்டும். அவள் மறுபடியும் கூப்பிடுகிறாள். யாரை என்று தெரியவில்லை. தலைவரும் நானும் எழுந்து போகிறோம்.