சவ்வு போச்சுன்னா எல்லாம் போச்சு

இந்த வருஷம் ஆர்.ஓ. மெஷின் அறைக்குள் தன் மனைவியை விடுவதில்லை என்று மார்ச் முதல் தேதி கயேத்தான் சபதம் எடுத்தான். வாய்விட்டு எடுக்கவில்லை. அடுத்த அறையில் ஜிஸ்லேன் இருந்தாள்.

சபதத்துக்குக் காரணம் ஜனவரியில் நடந்த ஒரு பேச்சு.

"கயேத்தான், இந்த சீசனுக்கு நாம இடம் மாத்திக்கலாமா? நான் மெஷின் ரூமைப் பார்த்துக்கிறேன். நீ டூரிஸ்ட் சாப்பாட்டு ஹாலைப் பாரு."

"எதுக்கு?"

"இருபத்திரண்டு வருஷமா முட்டையும் பான்கேக்கும் போட்டுப் போட்டு என் கை கல்லுலயே ஒட்டிக்கிச்சு. உனக்கு அங்க என்ன வேலை? ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, ரெண்டு பிரஷர் முள்ளு."

"முள்ளு ரெண்டுதான். அதைப் படிக்க விஞ்ஞானம் தெரியணும்."

"உன் விஞ்ஞானத்தைத்தான் போன வருஷம் மான் நக்கிட்டுப் போச்சே."

மான் நக்கியது உண்மை.

போஸ் என்ற குளிர்ப் பகுதியின் மலைச்சரிவில் அவர்களுக்கு மூவாயிரம் மேப்பிள் மரங்கள். பனி உருகத் தொடங்கியதும் மரங்களில் இனிப்பான நீர் சுரக்கும். குழாய் வழியே இறங்கித் தொட்டிக்கு வரும். அதை அப்படியே காய்ச்சினால் நாற்பது லிட்டருக்கு ஒரு லிட்டர் பாகுதான் தேறும். விறகு அடுக்கி மாளாது. அதனால் முதலில் ஆர்.ஓ. மெஷினுக்குள் விடுவார்கள். அதற்குள் இருக்கும் சவ்வு, வெறும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுச் சர்க்கரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சவ்வு ராஜா என்றால் அதற்கு ஒரு வாயிற்காவலன் உண்டு. முழங்கை நீளத்தில் வெள்ளையாக ஒரு முன்வடிகட்டி. மரத்தூள், பூச்சி இறகு, கொழகொழப்பு எல்லாவற்றையும் தன் மேல் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் செத்துப்போவதுதான் அதன் பிறவிப் பயன்.

போன வருஷம் கயேத்தான் அதைச் சாக விடவில்லை. கழுவினான். பிழிந்தான். அடுப்போரம் காயவைத்து மறுபடி மாட்டினான். பத்தாவது நாள் அதன் இழை தளர்ந்து அழுக்கு உள்ளே போய், மரங்கள் கொட்டோ கொட்டென்று கொட்டிய வாரத்தில் சவ்வு அடைத்துக்கொண்டது. புதுச் சவ்வு வர நாலு நாள். அதற்குள் தொட்டி நீர் பால் போல வெளுத்துப் புளித்தது. அத்தனையையும் பனியில் கொட்டினார்கள். சாயங்காலம் மான்கள் குடும்பத்தோடு வந்து நக்கின.

ஜிஸ்லேன் திட்டவில்லை. ஜன்னலோரம் நின்று மான்களை எண்ணிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். திட்டாததால் கயேத்தான் வருஷம் பூராவும் அந்த மான்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"சரி, நீயே மெஷின்கிட்ட இரு" என்றாள் ஜனவரியில். "ஆனா தினம் ஒரு புது ஃபில்டர். பழசைக் கொண்டுவந்து சமையலறை வாசல் வாளியில போடணும். நான் பார்ப்பேன். இன்னொரு தடவை சவ்வு போச்சுன்னா..."

முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியம்தான் பொல்லாதது. கயேத்தான் படுக்கையில் அதைத் தினமும் ஒவ்வொரு விதமாக முடித்துப் பார்த்தான். ஒன்றும் நல்லபடியாக முடியவில்லை.

பிப்ரவரியில் நடந்த கருவிக் கண்காட்சியில் ஒரு வியாபாரி அவன் கையில் பளபளவென்று ஒரு எஃகு வடிகட்டியைக் கொடுத்தான்.

"தினம் மாத்துற வேலையே இல்ல. தேய்ச்சுக் கழுவினா போதும். உங்க பேரன் கல்யாணத்துக்கும் இதே ஓடும்."

"அடைச்சுக்காதா?"

"அடைச்சா என்னைக் கேளுங்க."

அந்த வியாபாரியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கயேத்தான் எஃகு வடிகட்டியைக் கோட்டுக்குள் ஒளித்து, குழந்தையைப் போலக் கொண்டுவந்தான். சீசன் முடிகிற அன்று அதை மேஜை மேல் வைத்து, "பார்த்தியா? ஒரே ஒரு ஃபில்டர், மொத்த சீசன்" என்று சொல்ல வேண்டும். அப்போது ஜிஸ்லேன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

ஒரே ஒரு சிக்கல். வாசல் வாளிக்குத் தினம் ஒரு அழுக்கு ஃபில்டர் வேண்டும். மெஷினில் எஃகு இருந்தால் அழுக்கு ஃபில்டருக்கு எங்கே போவது?

கயேத்தான் யோசித்தான். புது ஃபில்டரைப் பிரித்தான். ஆறிய காபியில் முக்கினான். கொஞ்சம் மரப்பட்டைத் தூளைத் தடவினான். மிச்சம் பிடிக்க வேண்டிய ஃபில்டரையே தினம் ஒன்றாகப் பாழாக்குகிறோம் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. வடிகட்டின முட்டாள் என்று சொல்வார்களே, அது வடிகட்டியை வைத்துத்தான் வந்ததோ என்னவோ.

முதல் நாள் ஜிஸ்லேன் ஃபில்டரைக் கையில் எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன இது, காபி வாசனை?"

"இந்த வருஷக் குளிர் அப்படி. மரத்துக்குள்ள ஏதோ மாறுது."

"மரம் காபி குடிக்குதா?"

"வயசான மரம் இல்லையா. காலையில எழுந்திருக்க ஒரு..."

"ஓகோ" என்றாள். ஃபில்டரை வாளியில் போட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காதபோது அவள் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியாது. மெஷினில் அழுத்தத்தை அளக்க இரண்டு முள் உண்டு. அந்த அழுத்தக்காரியை அளக்க ஒரு முள்ளும் கிடையாது.

பத்து நாள் ஓடியது. வடிகட்டிக்கு முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு முள். வடிகட்டி அடைத்தால் முன்முள் நிற்கும், பின்முள் விழும். கயேத்தானின் இரண்டு முள்ளும் இரட்டைப் பிள்ளைகள் போல முப்பத்தெட்டில் நின்றன. காலையில் முப்பத்தெட்டு, மாலையில் முப்பத்தெட்டு. நாற்காலியில் சாய்ந்து ரேடியோவில் ஹாக்கி கேட்டபடி அவன் அவற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். கதவே இல்லாத வீட்டில் பூட்டு எப்படிக் கெடும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தான். முள் முப்பத்திரண்டு. இரண்டுமே.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். முப்பத்திரண்டுதான். விரலால் தட்டினான். முப்பத்தொன்று. தட்டியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

புதன்கிழமை இருபத்தேழு. மெஷினின் சத்தம் மாறியது. இத்தனை நாள் பூனை போல முனகியது, இப்போது சளி பிடித்த கிழவன் மாதிரி இழுத்தது. கயேத்தான் மெஷினை நிறுத்தி, வியர்க்க வியர்க்க எஃகு வடிகட்டியைக் கழற்றினான். விரலை விட்டுத் தடவினான். சுத்தம். வாங்கிய அன்று இருந்தது போலவே பளபளத்தது. ஒரு தூசி இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டான். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

பன்னிரண்டு நாள். மூவாயிரம் மரம். ஒரு தூசி கூட இதில் இல்லை. அப்படியானால் அழுக்கெல்லாம் எங்கே போயிற்று?

மெல்லத் திரும்பிச் சவ்வு இருக்கும் நீண்ட எஃகுக் குழாயைப் பார்த்தான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பன்றிக்கொழுப்போடு வேகவைத்த பீன்ஸை ஜிஸ்லேன் தட்டு நிறைய வைத்தாள். ஒவ்வொரு பீன்ஸும் அவனை ஒரு மானின் கண் போலப் பார்த்தது.

"சாப்பிடலையா?"

"பசியில்ல."

"மெஷின் நல்லா ஓடுதா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான். உன் புருவம் துடிக்குது."

"குளிரு."

"வெளிய பன்னிரண்டு டிகிரி, கயேத்தான். பனியெல்லாம் தண்ணியா ஓடுது. நாளைக்கு மரம் பேயாக் கொட்டும்."

சொல்லிவிட்டு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். அவள் பாட்டுப் பாடி அவன் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

வியாழன் இருபது. மரம் பேயாகத்தான் கொட்டியது. வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு இரண்டு முள்ளும் கைகோத்துக்கொண்டு பன்னிரண்டுக்கு இறங்கின. சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

இத்தனை பெரிய நிசப்தத்தை கயேத்தான் அதுவரை கேட்டதில்லை. பொத்தானை அமுக்கினான். மெஷின் இருமியது, நின்றது. மறுபடி அமுக்கினான். இருமக்கூட இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் தொட்டியின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நீர் தளும்பியது. காட்டோரத்தில் எதுவோ அசைந்தது. அது மானாக இருக்கக்கூடாது என்று ஊர்த் தேவாலயத்தின் புனிதர்களை ஒருவர் விடாமல் வேண்டினான்.

பிறகு, தூக்குமேடைக்குப் போகிறவன் நடையில் சமையலறைக்குப் போனான்.

ஹாலில் பேருந்தில் வந்த அறுபது பேர் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜிஸ்லேன் சூடான கல்லின் முன் பான்கேக் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஜிஸ்லேன், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"முதல்ல அந்தக் கரண்டியைக் கீழ வை."

"சவ்வு மாதிரி இழுக்காதே. அடி பிடிக்குது."

சவ்வு என்ற சொல்லைக் கேட்டதும் அவனிடம் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. எஃகு வடிகட்டி, கண்காட்சி, காபி, மரப்பட்டைத் தூள், முள், சிவப்பு விளக்கு. சொல்லச் சொல்ல அவள் நாலு பான்கேக் திருப்பினாள். ஒன்றும் கருகவில்லை.

"அப்ப சவ்வு போச்சா?" என்றாள்.

"போயிருக்கும். உன் அண்ணன் ரோசேரைக் கூப்பிடு. அவருக்கு மெஷின் தெரியும்."

"ரோசேர் வந்தா ஊரே வந்த மாதிரி. காபி போட்ட கதையை ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சர்ச் வாசல்ல நின்னு சொல்லுவான். பரவாயில்லையா?"

கயேத்தான் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான் போய்ப் பார்க்கட்டுமா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"எதுவும் தெரியாதுதான். நீ போய் விஞ்ஞானம் பாரு, நான் பான்கேக்கைப் பார்க்கிறேன்." கல்லுக்குத் திரும்பினாள்.

"இல்ல, இல்ல. நீ போ. தயவு செஞ்சு போ. இனிமே அந்த மெஷின் பக்கமே நான் வரல. நீயே வச்சுக்கோ."

"என்ன சொன்னே? புகைபோக்கி ஃபேன் சத்தத்துல கேக்கல."

"மெஷினை நீயே வச்சுக்கோன்னு சொன்னேன்."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை வருஷத்துக்கு வேணும்னாலும்."

அறுபது பேரும் சாப்பிடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். ஜிஸ்லேன் ஏப்ரனைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டி, பின்னால் போய் முடிச்சுப் போட்டாள். இறுக்கமாகப் போட்டாள். வெளியே போனாள்.

கயேத்தான் எட்டு பான்கேக்கைக் கரித்தான். மூன்று முட்டையை ஓட்டோடு போட்டான். காது மட்டும் மெஷின் அறையில் இருந்தது. கால் மணி நேரம். ஒரு இருமல் கேட்டது. பிறகு பூனையின் முனகல், ஒரே சீராக. கையில் கரண்டியோடு அப்படியே நின்று அழுதான். மிளகுத்தூள் என்று முன்வரிசைப் பெண்ணிடம் சொன்னான்.

"என்ன பண்ணினே?" என்று மாலையில் கேட்டான்.

"தட்டிப் பார்த்தேன், ஓடிச்சு. உன் எஃகைத் தூக்கிட்டு நல்ல ஃபில்டர் மாட்டினேன். சவ்வுக்கு ஒண்ணும் ஆகல."

எப்படி ஒன்றும் ஆகாமல் இருக்கும் என்று அவன் கேட்கவில்லை. உயிர் தப்பியவன் கணக்குக் கேட்பானா? பத்து நாள் வாயைத் திறக்காமல் முட்டை போட்டான். பன்றித்தோல் பொரித்தான். பனி மேல் பாகு ஊற்றிக் குச்சியில் சுற்றிச் சுற்றுலாக்காரர்களுக்குக் கொடுத்தான். எல்லோரும் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

பதினோராவது நாள் ரோசேர் சாப்பிட வந்தார். ஆள் இல்லாத நேரம் பார்த்து, வேறு யாருக்கோ நடந்தது போல கயேத்தான் விஷயத்தைக் கேட்டான்.

"ஒருத்தன் மெஷின்ல முள் ரெண்டும் சேர்ந்து இறங்கிச்சாம், மச்சான். சவ்வு அடைச்சிருக்குமோ?"

ரோசேர் வாயிலிருந்த பீன்ஸை நிதானமாக மென்றார். "சவ்வு அடைச்சா முள் ஏறும், இறங்காது. ரெண்டும் சேர்ந்து இறங்கினா அடைப்பு அதுக்கு முன்னாடி. தொட்டிப் பக்கம் இன்னொரு ஃபில்டர் இருக்கும், போய்ப் பார்க்கச் சொல்லு."

"இன்னொரு ஃபில்டரா?"

"ஜிஸ்லேன் உங்க தொட்டிக்குப் பின்னால மாட்டியிருக்காளே, அது மாதிரி. சீசன் ஆரம்பிச்ச மறுநாளே என்கிட்ட வந்து பழைய கூடு ஒண்ணு வாங்கிட்டுப் போனா. உனக்குத் தெரியாதா?"

கயேத்தான் ஏப்ரனோடு ஓடினான். தொட்டிக்குப் பின்னால் சாய்ப்பு. நீர் மட்டம் பார்க்கிறேன் என்று ஜிஸ்லேன் தினமும் காலையில் போய்வந்த இடம். தொட்டியடிப் பம்பிலிருந்து மெஷினுக்கு வரும் குழாயில் ஒரு வடிகட்டிக் கூடு. பக்கத்துப் பலகையில் பழைய ஃபில்டர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கழற்றிய தேதி, அவள் குண்டுக் கையெழுத்தில். மார்ச் இருபத்துநாலில் தொடங்கித் தினம் ஒன்று, மார்ச் முப்பத்தொன்று வரை. அடுத்தது, கொழகொழவென்று கறுத்துப் போன ஒன்று, ஏப்ரல் நாலு, வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு மறுபடி தினம் ஒன்று.

நாலு நாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. முள் இறங்கிய நாலு நாள்.

மெஷின் அறைக் கதவைத் திறந்தான். நாற்காலியில் ஜிஸ்லேன். கால் ஸ்டூல் மேல். ரேடியோவில் ஹாக்கி.

"அந்த நாலு நாள் நீ ஏன் ஃபில்டரை மாத்தல?" என்றான்.

ஜிஸ்லேன் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தாள்.

"தினம் மாத்துற வேலையே இல்லைங்கிறதுதானே உன் விஞ்ஞானம், கயேத்தான்? கல்யாணமாகி முப்பது வருஷத்துல நாலே நாலு நாள் உன் பேச்சைக் கேட்டேன். அதுக்கே மெஷின் படுத்துடுச்சு."