பெரிய கிளாக்கர் வீட்டுக் கல்லுப் பாதை

மூன்றாவது கல்லில் கால் வைத்ததும் அது 'புளிச்' என்று துப்பியது. பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தியின் வெள்ளைக் களிசானில் முழங்கால் வரைக்கும் சேறு. ஆபீசுக்குக் கிளம்பியவர் திரும்பி வீட்டுக்குள் போனார். அந்த வாரத்தில் அது நாலாவது களிசான்.

"ஞாயித்துக்கிழமை தொரையும் தொரசாணியும் வாராங்க. தொரசாணி மேல துப்புனா என்னங்க செய்வீங்க?" என்றாள் மனைவி நாகலெட்சுமி.

அவருடைய கவலையும் அதுதான். திம்புள்ளைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை அடுத்த மாதம் சீமைக்குப் போகிறார். இருபது வருஷமாகக் கணேசமூர்த்தி பைல் கட்டோடு துரை பங்களாவின் பின்வாசலில்தான் நின்றிருக்கிறார். ஒரே ஒரு நாள் துரை தன் முன்வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசை. தேத்தண்ணிக்கு அழைத்தார். துரையும் சரி என்றுவிட்டார்.

கார் வாசல்வரை வர வேண்டுமே என்றுதான் ரோட்டிலிருந்து கல் பதிக்க ஏற்பாடு செய்தார். புருஷனும் பெண்சாதியும் கதிர்காமம் போயிருந்த பத்து நாளில், தலவாக்கலைக் கடைக்காரர் மக்பூல் நானா அனுப்பிய கொந்தராத்துக்காரன் ஒருவன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் முகத்தை இவர்கள் பார்க்கவேயில்லை. வந்து பார்த்தபோது இருந்தது ஆடுகிற கல்தான்.

அவனைக் கூட்டிவர அஞ்சு வாரம் ஆள்மேல் ஆள் விட்டுப் பார்த்தார். கடைசியில் மக்பூல் நானாவுக்கு ஒரு துண்டுக் கடிதாசி எழுதினார்: 'கல்லு வேலைக்காரனையும், நல்ல சமையல்காரன் ஒருத்தனையும் வெள்ளிக்கிழமை கட்டாயம் அனுப்பவும்.'

வெள்ளிக்கிழமை காலையில் முன்வாசலில் ஒருவன் வந்து கும்பிட்டான்.

"மக்பூல் நானா அனுப்புன ஆளா?"

"ஆமாங்க ஐயா. நான் வந்து..."

"நீ வந்தது தெரியுது. வாயத் தொறக்காத! அஞ்சு வாரமா சொல்லியனுப்புறேன், இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுச்சா?"

அந்த வீட்டில் ஒரு விசேஷம். கணேசமூர்த்தியும் சரி, நாகலெட்சுமியும் சரி, யாரையும் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடிக்க விட்டதில்லை. வந்தவன் கையில் மண்வெட்டி ஏறியது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதெல்லாம் நமக்குப் பழக்கமில்லாத வேலைங்க..."

"அது கல்லப் பாத்தாலே தெரியுதே!"

அவன் பெருமூச்சு விட்டுவிட்டு சீமெந்து மூட்டையைப் பார்த்தான். "எத்தனை பேருக்குங்க?"

"ரெண்டு பேரு, ஒரு காரு."

பாரத்தைக் கணக்குப் பண்ணுகிறான், திருந்திவிட்டான் என்று கணேசமூர்த்திக்குத் திருப்தி.

அவன் கலவையைத் தண்ணியாகக் கரைத்து ஊற்றினான். சாயந்திரம் பார்த்தால் ஆடிய கற்கள் ஆடவில்லை. ஆடுவதற்குக் கல்லே தெரியவில்லை. எல்லாம் உள்ளே இறங்கிவிட்டன.

"கெட்டியா போடுய்யா!" என்று கத்தினார்.

சனிக்கிழமை அவன் கெட்டியாகப் போட்டான். கைநிறைய அள்ளி, உருட்டி, ஒவ்வொன்றாக வைத்தான். பாதை நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு எழும்பிற்று. தபால்காரர் சைக்கிளோடு ஏறி, சைக்கிள் இல்லாமல் இறங்கினார்.

உள்ளேயும் நிம்மதி இல்லை. "அந்தச் சமையக்காரன் ஒண்ணுக்கும் ஒதவ மாட்டான் போலருக்குங்க. தேயிலை மலைக் குறுக்குப் பாதையால பின்பக்கம் வந்து நின்னவன், 'அம்மா, கல்லு... கல்லு'ன்னே முனகுறான். உளுந்துல கல்லு கெடந்தா பொறுக்க வேண்டியதுதானேன்னு மொறத்தக் கையில குடுத்துட்டேன். அடுப்படிய விட்டு அசையக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்" என்றாள் நாகலெட்சுமி.

"எனக்கு வாச்சவன் ஒனக்கு வாச்சவனுக்குத் தேவல" என்றார் கணேசமூர்த்தி. பிறகு மேட்டை எட்டிப் பார்த்து, தான் சொன்னது சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மேட்டை வெட்டச் சொன்னார். வெட்டிய கட்டிகள் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து அடைத்துக்கொண்டன. மத்தியானம் பிடித்த மழை பாதையால் ஓடி வந்து நேரே விறாந்தையில் ஏறியது. தண்ணீர் வடியட்டுமென்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதைக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். மூன்று நாளில் அவன் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். நல்ல ஆழமாக வெட்டியிருந்தான்.

மேலே போட நாலு பலகை தேடிக் கணேசமூர்த்தி கொல்லைப் பக்கம் போயிருந்தபோது, பாதைப் பக்கம் ஹார்ன் கேட்டது. துரை சொன்னால் சொன்ன நேரம். நாலு மணிக்கு ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை.

அவர் ஓடி வருவதற்குள் காரின் முன்சக்கரம் இரண்டும் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டன. துரைசாணி கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றாள். துரை மட்டும் சிரித்துக்கொண்டே நடந்து வந்து முன்வாசலில் நின்றார். இருபது வருஷத்து ஆசை நிறைவேறிய அந்த நேரத்தில் கணேசமூர்த்திக்கு, பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனால் பிளந்த இடத்தில் ஏற்கெனவே கார் நின்றது.

என்ன செய்வதென்று தெரியாத நாகலெட்சுமி வடைத் தட்டோடு ஓடி வந்து நீட்டினாள். துரை மரியாதைக்கு ஒன்றை எடுத்துக் கடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கைதவறி விழுந்த வடை படியில் 'டக்'கென்று மோதி, உடையாமல் உருண்டு, மண்வெட்டிக்காரன் காலடியில் போய் நின்றது.

அவன் குனிந்து எடுத்தான். மண்வெட்டியில் தட்டி உடைத்து உள்ளே பார்த்தான். மூன்று நாளில் முதல் தடவையாக அவனுக்குக் கோபம் வந்தது.

"உளுந்த ஊறவே வைக்கலியே, படுபாவி! எவன் சுட்டான் இத?"

கணேசமூர்த்தி அவனைத் திரும்பிப் பார்த்தார். இவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?

அதற்குள் சத்தம் கேட்டு, முழங்கை வரைக்கும் மாவோடு அடுப்படியிலிருந்தவன் வெளியே ஓடி வந்தான். கண் பாதையில் விழுந்ததும் மாவுக் கையோடு தலையில் அடித்துக்கொண்டு அலறினான்:

"மூணு நாளா என்னய வடை சுடச் சொல்லிப் புடிச்சு வச்சுக்கிட்டு, நான் பதிச்ச கல்ல யாருங்க ஐயா இப்புடிக் கேசரி மாதிரி கிண்டுனது?"