மூன்றாவது தலைசுற்றல்

இரண்டாம் பூச்சு சன்ஸ்கிரீன் நிரஞ்சனாவின் கண்ணுக்குள் போய்விட்டது. காலை ஆறேகால் மணிக்கு, சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடியில் அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"கண்ண மூடிக்கன்னு சொன்னேன்ல?" என்றார் தனசேகரன்.

"மூடிட்டுதான் இருந்தேன். நீங்க மூக்க அடைச்சீங்க. மூச்சு விட வாயத் திறந்தேன், கண்ணும் திறந்துடுச்சு."

தனசேகரன் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். இருநூறு பேர் வெயிலில் சுருண்டு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பதினோரு வருடமாக அவர் பிழைப்பு. அன்றைக்கு ஒன்பது வயது மகளின் பள்ளியில் விளையாட்டு விழா. மனைவி பவித்ராவுக்கு கிளினிக்கில் லீவு கிடைக்கவில்லை. எனவே இவரே தொண்டூழியராகப் பெயர் கொடுத்து, தண்ணீர் மேசையைக் கேட்டு வாங்கியிருந்தார்.

நிரஞ்சனா தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள். இரண்டு மாதமாக புளோக்குக்குக் கீழே தூணுக்குத் தூண் ஓடிப் பழகியிருந்தாள். பிள்ளை ஜெயிக்காவிட்டாலும் போகிறது, மயங்கி விழாமல் வீடு வந்து சேர்ந்தால் போதும் என்று தனசேகரன் முருகனிடம் சொல்லி வைத்திருந்தார்.

அவருக்கு அந்தப் பயம் புதிதாக வந்தது. போன மாதம் ஒரு நடுப்பகலில் கம்பெனி வேன் அவரையே கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வீட்டில் இறக்கியது. வெயில் மயக்கம் என்றார் ஓட்டுநர். வாயுத்தொல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார் இவர். பாதுகாப்பு மேற்பார்வையாளருக்கே வெயில் மயக்கம் என்றால் பட்டறை கைகொட்டிச் சிரிக்காதா?

மகளுக்கு மூன்று தோசை ஊட்டினார். தனக்குப் பாலில்லாத கோப்பி-ஓ ஒன்று மட்டும் ஊற்றிக்கொண்டார். அவள் இளஞ்சிவப்புத் தொப்பியின் பின்னால், பட்டறை ஹெல்மெட்டுக்கு அடியில் தொங்கும் கழுத்துத் துணியைத் தைத்து வைத்திருந்தார். "நான் பாலைவனத்துக்கா போறேன் லா?" என்று கேட்டுக்கொண்டே அவள் அதை மாட்டிக்கொண்டாள். மூன்று தண்ணீர்ப் புட்டி, இரண்டு துண்டு, ஒரு குடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்ட அவசரத்தில் அவர் தன் தொப்பியைச் செருப்பு அலமாரி மேலேயே விட்டுவிட்டார்.

போகும் வழியில் நிரஞ்சனா ஒரு சந்தேகம் கேட்டாள். டீச்சர் எல்லாருக்கும் ஒரு வெயில் பார்ட்னர் வைக்கச் சொல்லியிருக்கிறாராம். பார்ட்னர் முகம் வாடினால் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், நிழலில் உட்கார வைக்க வேண்டும். "என் பார்ட்னர் சொன்ன பேச்சு கேக்குற ஜென்மமே இல்லப்பா. என்ன செய்யறது?"

தொழில் கேள்வி. தனசேகரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டறையில் கதிரேசன் என்று ஒரு வெல்டர் இருக்கிறான், உட்காரடா என்றால் உட்கார மாட்டான், தண்ணீர் குடி என்றால் அப்புறம் என்பான் என்று ஆரம்பித்தார். "அவன்கிட்டப் போய், எனக்குத் தலை சுத்துது, கூடக் கொஞ்சம் உட்காரேன்டான்னு சொல்லுவேன். பதறி அடிச்சு ஓடி வந்து உட்கார்ந்துடுவான். வீம்பு பிடிச்சவங்களுக்கு அதுதான் மருந்து."

நிரஞ்சனா மண்டையை ஆட்டிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் திடல் கொதித்தது. தனசேகரன் வெறுந்தலையோடு மேசைக்கும் தண்ணீர் பீப்பாய்க்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். நிரஞ்சனா வந்து ஒரு புட்டியைத் திறந்து நாலு மடக்கு குடித்தாள். பல் கூசுகிறது, மீதியைக் கொட்டிவிடவா என்றாள். தண்ணீரைக் கொட்டுவதா? பிடுங்கி, அடிவரை தானே குடித்து முடித்தார்.

பத்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தாள். நிழலுக்குள் நடக்கும் சாக்கு ஓட்டத்துக்கு இரண்டு கையும் வேண்டும், தொப்பியைப் புல்லில் வைத்தால் எறும்பு ஏறும் என்றாள். அவர் இரண்டு கையிலும் தண்ணீர்க் குவளை. அவளே எம்பி, தொப்பியை அவர் தலையில் மாட்டிவிட்டு ஓடினாள். மீசை வைத்த ஆள் இளஞ்சிவப்புத் தொப்பியில் நிற்பதைப் பார்க்க முதலாம் வகுப்பு மொத்தமும் வரிசையை விட்டு வந்தது. தள்ளுமுள்ளில் ஒரு ஜாடி கவிழ்ந்தது.

அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான், "அப்பா, தலை சுத்துது," என்று வந்து நின்றாள்.

அவர் துணியைக் கீழே போட்டார். மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். தனியாக உட்கார மாட்டேன், நீங்களும் உட்காருங்கள் என்று அடம்பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது, ஆளில்லாத மேசையில் பிள்ளைகள் தண்ணீரை அள்ளி ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புல்தரை சேறாகியிருந்தது. அதில் பந்து உருட்டும் போட்டி வழுக்கு மரம் மாதிரி ஆகி, விளையாட்டு ஆசிரியர் பந்தயக் கோட்டையே தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

இரண்டாவது தலைசுற்றலுக்கு, பீப்பாயிலிருந்த ஐஸ் முழுவதையும் துண்டில் கட்டிக்கொண்டு போனார். கழுத்தில் வைக்கப் பயமாக இருக்கிறது, முதலில் நீங்கள் வைத்துக் காட்டுங்கள் என்றாள். வைத்துக் காட்டினார். ஐஸ் பாதி கரையும்வரை காட்டினார். அதற்குள் பீப்பாய்த் தண்ணீர் சுட்டுவிட்டதென்று நான்கு வகுப்புகள் முறையிட வந்துவிட்டன.

தொடர் ஓட்டத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்றாவது தலைசுற்றல் வந்தது.

தனசேகரன் நிமிர்ந்து நின்றார். பட்டறையில் மூன்று முறை சுற்றினால் அன்றைக்கு ஓய்வு, மேல்முறையீடு கிடையாது. "நீ ஓட வேணாம். பேர எடுக்கச் சொல்லப் போறேன்."

நிரஞ்சனாவின் முகம் செத்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்லப்பா. சத்தியமா ஒண்ணுமில்ல."

"கதிரேசனும் இதத்தான் சொல்லுவான்."

அழுகிற பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு முதலுதவிக் கூடாரத்துக்குப் போனார். அங்கே தமிழாசிரியை உம்மு சல்மா இருந்தார். நிரஞ்சனாவின் வெப்பநிலையைப் பார்த்தார். நாடியைப் பார்த்தார். பிறகு கருவியை தனசேகரனின் நெற்றிக்கும் நீட்டிப் பார்த்துவிட்டு மின்விசிறிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இவளுக்கு ஒண்ணும் இல்ல. ஓடட்டும், நான் பொறுப்பு. நீங்க இங்க உட்கார்ந்து பாருங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். ஏனோ கால் தானாகவே மடங்கியது. உட்கார்ந்தார்.

நிரஞ்சனா கைக்கு கோல் வந்தபோது அவள் அணி நான்காவது. தூணுக்குத் தூண் ஓடிய கால்கள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், இரண்டாவதாக வந்து கோட்டைத் தொட்டாள். விழவில்லை. தள்ளாடக்கூட இல்லை. யாரும் சொல்லாமலே புட்டியை எடுத்துக் குடித்தாள். பிறகு கூடாரப் பக்கம் எட்டிப் பார்த்து, அப்பா நாற்காலியில்தான் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு கையசைத்தாள்.

தனசேகரனின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், சன்ஸ்கிரீன் எரிகிறது என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டார். நிம்மதி வந்ததும், வழக்கம்போல, கோபமும் வந்தது.

"எல்லாம் சரி டீச்சர். காலையிலேர்ந்து என் பொண்ணு மூணு தடவ தலை சுத்துதுன்னு என்கிட்டதான் வந்தா. இவளுக்குன்னு ஒரு வெயில் பார்ட்னர் உண்டாமே, யாரு அது? பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா?"

உம்மு சல்மா கோப்பைப் புரட்டிப் பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"வகுப்புல இருபத்தொம்பது பேரு, ஒருத்தருக்கு ஜோடி இருக்காது, அவங்க அப்பா அம்மாவ எடுத்துக்கலாம்னு நான் சொல்லி முடிக்கல சார், கையத் தூக்கி உங்க பேரச் சொல்லிட்டா."