வட்டத்தில் நான், சாய்சதுரத்தில் அவள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியின் வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீயும் உன் முழங்கால் வலியும் சண்டையில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் வந்தபோது, "பொண்டாட்டி இல்லாட்டி உனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதுடா" என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனாயே, அது என்னை இன்னும் குடைகிறது. காலமெல்லாம் பாலிடெக்னிக்கில் மின்சுற்றுப் பாடம் நடத்தியவனிடம் சொல்கிற பேச்சா இது? பாட்டரி மாதிரி, யார் என்ன செய்தாலும் தன் வோல்ட்டைத் தானே தருவது சார்பற்ற மின்மூலம். அதை வட்டமாக வரைவோம். சுற்றில் வேறெங்கோ ஓடும் மின்னோட்டத்துக்குத் தகுந்தபடி ஆடுவது சார்பு மூலம்; அது சாய்சதுரம். காலண்டர் தாளின் பின்பக்கம் எங்கள் வீட்டை வரைந்து, வட்டத்தில் என்னையும் சாய்சதுரத்தில் அவளையும் போட்டேன். "என்னை மட்டும் எதுக்குக் கோணலா போட்டிருக்கீங்க?" என்றாள்.

வாயால் சொன்னால் நம்பமாட்டாய் என்று சோதித்தும் பார்த்தேன். சார்பற்ற மூலத்தை அணைத்தால், அதை நம்பியிருக்கும் சார்பு மூலம் தானாகப் பூஜ்யமாகிவிடும். ஆகவே என்னை நானே அணைத்துக்கொண்டு, அதைச் செய் இதைச் செய் என்று ஒரு வார்த்தை பேசாமல் நாள் முழுக்க சோபாவில் படுத்துவிட்டேன். அவளோ ஆளை வரவழைத்துக் குழாய் ஒழுகலை நிறுத்தி, பரணைத் துடைத்து, பாட்டு வேறு பாடிக்கொண்டு, "இன்னிக்கு வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு! நாளைக்கும் இப்படியே இருங்களேன்" என்கிறாள். மறுநாள் காலையிலேயே தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, கோபப்படலாம் என்றால் யார்மேல் கோபப்படுவது? மூக்குக்கண்ணாடியைத் தேட மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்தும் பசிக்கவே இல்லை, அக்கா. போனில் கூப்பிட்டு "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா பாரு, அப்பதான் பசி வந்துச்சு. அதுவும் என்ன பசி!

இவையெல்லாம் சோதனையில் நேர்ந்த சிறு பிழைகள். கோட்பாடு பொய்க்காது. அதை நிரூபிக்கவே அடுத்த மாதம் தன்னந்தனியாக உன் வீட்டுக்கு வந்து தங்கப் போகிறேன். கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள். மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
யாரையும் சாராத உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை அவள் படித்துவிட்டாள். "தாராளமா போயிட்டு வாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கிளம்பவே மனம் வரவில்லை. காலண்டர் தாளில் எங்களை இடம் மாற்றி வரைந்துவிட்டேன். சாய்சதுரம் எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. "நீயும் வாயேன்" என்று கேட்டிருக்கிறேன், காய் நறுக்கிக்கொண்டே யோசிக்கிறாள். உன் வீட்டுக்கு வர எனக்கு ஆசையா இல்லையா என்பது அவள் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.