சொர்க்கத்தில் ஒரு முக்காலி

பாரிஸ் நகரத்தில் அந்த வருஷம் சொர்க்கத்தில் இடம் பிடிக்கிற கூட்டம் அலைமோதியது. விடிந்ததிலிருந்து வல்தோரி பிரபுவின் மாளிகை வாசலில் சாரட்டுகள். ரொட்டிக்கடை வரிசைகூட அவ்வளவு நீளமில்லை. அங்கே பசித்தவர்கள்தானே நிற்கிறார்கள்.

பிரபு, செத்துப்போன ராஜாவோடு பேசுவாராம். ராஜா மேலேயும் கொலு நடத்துகிறாராம். அங்கே யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்று அவரே முடிவு செய்வாராம். கடவுள் என்ன செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாவம், அவருக்குப் பட்டம் எதுவும் கிடையாதே.

துர்வில் சீமாட்டி நாற்பது வருஷம் அரண்மனையில் நின்று நின்றே கால் வீங்கியவள். ராணிக்கு முன்னால் முக்காலியில் உட்காரும் உரிமை, பட்டங்களில் உச்சமான டியூக் பட்டக்காரர்களின் மனைவிமாருக்குத்தான். செத்த பிறகாவது உட்காரலாமென்று, குடியிருந்த வீட்டையே பிரபுவுக்கு எழுதித் தரக் கிளம்பினாள். தினமும் அந்தக் காலைப் பிடித்துவிடும் வேலைக்காரி பெரினும் கூடவே கிளம்பினாள். வீடு போனால் இருவருக்கும் தெருதான்.

"வீட்லயே நாலு நாற்காலி கிடக்கேம்மா. அதுல உக்காந்தா ஆகாதா?"

"அது வெறும் உக்கார்றதுடி. மத்தவ நிக்கறப்ப நாம உக்காரணும்."

பிரபுவின் மாளிகைக் கூடத்தில், மெல்லிய திரைக்குப் பின்னால் வெள்ளையாக ராஜா வந்து நின்றார். கூட்டம் மண்டியிட்டது. பிரபு பத்திரத்தை நீட்டினார். சீமாட்டி இறகுப் பேனாவை மையில் தோய்த்தாள்.

"ஒரு சந்தேகங்க," என்றாள் பெரின். "ராஜா மூச்சு விடுவாரா?"

"ஆவிக்கு ஏதும்மா மூச்சு? அது நின்னதாலதானே ஆவியானாரு," என்றார் பிரபு.

"அப்பச் சரிங்க."

பெரின் சீமாட்டியின் மூக்குப்பொடி டப்பியைத் திறந்தாள். திரையை விலக்கி, மொத்தத்தையும் உள்ளே ஊதினாள்.

ராஜா தும்மினார். "ஆண்டவர் காப்பாத்தட்டும்," என்றது கூட்டம், பயபக்தியோடு. மறுபடி தும்மினார். மறுபடி வாழ்த்தினார்கள். எட்டாவது தும்மலில் கிரீடம் உருண்டு வெளியே வந்தது. அட்டை. ஒன்பதாவதில் திரையே அறுந்து விழுந்தது. படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு கண்ணைக் கசக்கியவன், பிரபுவின் வண்டிக்காரன். பிரபுவின் ஒரு கால் அதற்குள் சன்னலுக்கு வெளியே இருந்தது.

"மூச்சில்லாதவருக்குத் தும்மல் எப்படிங்க வரும்?" என்றாள் பெரின்.

கிழட்டு டியூக் ஒருவர் வண்டிக்காரனை நெருங்கினார். "அது கிடக்கட்டும்பா. எனக்குக் குடுத்த இடம் என் மச்சானுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

சீமாட்டி பத்திரத்தைக் கிழித்தாள். கால் தாங்கவில்லை. பிரபுவின் நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களாம்மா," என்று பெரின் காதோரம் சொன்னாள். "நீங்க உக்காந்திருக்கீங்க. டியூக்கே நிக்கறாரு."

அங்கே நின்ற அத்தனை பேரின் தலையிலும் விலையுயர்ந்த பொய்முடி இருந்தது. அதற்கு அடியில் இருப்பதையும் எப்போதாவது எடுத்துப் பயன்படுத்தலாம். அதற்கு எந்த ராஜாவின் அனுமதியும் வேண்டாம்.