கைகாட்டுக் கூலி

ஏழு ஏரிகள் சூழ்ந்த ஒரு நாடு இருந்தது. பெயர் ஏழேரி. அங்கே அரசுரிமை பிறப்பால் வருவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்கள் திடலில் கூடி, தங்களுக்குப் பிடித்தவரை நோக்கி விரல் நீட்டுவார்கள். யார் பக்கம் விரல்கள் அதிகமோ, அவரே பெருந்தலைவர்.

அந்த நாட்டில் சீரங்கன் என்றொரு வீட்டுத் தரகன் இருந்தான். வீடு முடித்துக் கொடுத்தால், பால் காய்ச்சுகிற அன்று ஒரு பித்தளைச் செம்பும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வழக்கம். எந்த வீடு காலியாகப் போகிறது என்று அவனுக்குத் துப்புச் சொல்பவள், ஏரிக்கரைத் தெருவில் ஆப்பக்கடை வைத்திருந்த வேதநாயகி. அடுப்பை விட்டு எழாமலே கரண்டியால் திசை காட்டுவாள். வீடு முடிந்தால் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்குப் பெயர் கைகாட்டுக் கூலி. அந்தக் கூலியில்தான் மகள் செங்கமலம் படித்தாள்.

ஒரு வருடம், பெரிய மனிதர் ஒருவர் நான்காம் ஏரியின் தண்ணீரையே மனை போட்டு விற்றுவிட்டார். வாங்கியவர்களுக்கு ஆளுக்கொரு மோதிரம் வேறு கொடுத்திருந்தார். ஊர் கொதித்தது. அமைச்சரவை இரவு பகலாக யோசித்தது. அவர் பெருந்தலைவரின் சம்பந்தி என்பதால், பரிசுகளைக் கட்டுப்படுத்துவது என்று முடிவாயிற்று.

"தரகர் கொடுக்கும் ஒவ்வொரு பரிசும் ஆணையத்தின் தராசில் நிறுக்கப்படும். எடை மிகுந்தால் தண்டனை" என்று முதலமைச்சர் அறிவித்தார். சீரங்கனின் செம்பு தட்டைத் தாழ்த்திவிட்டது. அபராதம் கட்டினான். அதே வாரம் சம்பந்தி முதலமைச்சருக்கு மாந்தோப்போடு ஒரு மாளிகை கொடுத்தார்.

"அது மட்டும் பரிசில்லீங்களா?" என்று சீரங்கன் ஆணையத்தில் கேட்டான்.

"தட்டில் ஏற்றிக் காட்டும், நிறுத்துப் பார்க்கிறோம்" என்றார் அதிகாரி. அவர் சிரிக்கவில்லை.

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனைக் கடித்த கதையாக அடுத்த சட்டம் வந்தது. கைகாட்டுக் கூலி ஒழிக்கப்பட்டது. யார் எதைக் கைகாட்டினாலும், கூலி வாங்கிக்கொண்டே காட்டியதாகக் கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிப்பது காட்டியவர் பொறுப்பு. விரல்கள் மடங்கின. பிரசவ வலி கண்ட வீட்டைத் தேடி வந்த மருத்துவச்சி தெருத்தெருவாக அலைந்தாள். வீடு எல்லோருக்கும் தெரியும். குழந்தை தங்கவில்லை.

பிறகு ஏரிக்கரைத் தெருவும் சம்பந்தியின் கைக்குப் போயிற்று. விரல் நீட்டும் நாள் முடிந்ததும் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். ஏரியை விற்க விடமாட்டேன் என்று பெருந்தலைவரை எதிர்த்துப் போட்டிக்கு நின்றவன் கிணறு வெட்டும் முத்தையன் ஒருவன்தான்.

"திடல்ல பாத்துக்கலாம் தம்பி. அந்த வெரலையுமா புடுங்கிட்டாங்க?" என்றாள் வேதநாயகி.

"நானும் நீட்டுறேன்க்கா" என்றான் சீரங்கன். தெருவே அவள் அடுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தது.

அந்த நாள் வந்தது. முதலமைச்சர் மேடையேறினார். "விரல் நீட்டத் தடை ஏதுமில்லை. மக்களின் உரிமை எமது உயிர். ஆயினும் நீட்டுபவர், யாரிடமும் எதுவும் பெறவில்லை என்று மெய்ப்பித்தல் வேண்டும். நீட்டாதோர் தற்போதைய பெருந்தலைவரையே விரும்புவதாகக் கொள்ளப்படும்."

திடல் முழுக்கத் தலைகள். முத்தையனை நோக்கி ஒரே ஒரு விரல் நீண்டது. கரண்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்.

"அம்மையே, யாரிடம் என்ன பெற்றீர்?"

"ஒண்ணும் வாங்கலீங்க."

"வாங்காமல் யாராவது கைகாட்டுவார்களா?" முதலமைச்சர் கூட்டத்தைத் துழாவிச் சீரங்கனைக் கண்டுபிடித்தார். "தரகரே, இவருக்கு நீர் கைகாட்டுக் கூலி கொடுத்ததுண்டா?"

"முன்னாடி... கொடுத்திருக்கேனுங்க."

"குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் முதலமைச்சர்.

காவலர்கள் அவளைப் பிடித்தார்கள். அவள் சீரங்கனைத் திரும்பிப் பார்த்து, "உன் கை எங்க தம்பி?" என்று மட்டும் கேட்டாள். அவன் கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது. மேற்குச் சந்து வழியாகக் கல்குவாரிப் பக்கம் அவளை இழுத்துப் போனார்கள். பெருந்தலைவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக முரசு அறைந்தார்கள்.

முரசு ஓய்வதற்குள் செங்கமலம் ஓடி வந்தாள். ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார். கடைசியில் சீரங்கனிடம் வந்து நின்றாள்.

"மாமா, எங்கம்மாவ எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க? கையைக் காட்டுங்க போதும், நான் ஓடிருவேன்."

ஊருக்கெல்லாம் வழிகாட்டிப் பிழைத்த கை அது. சீரங்கன் அதை மடிப்புக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டான்.

"தெரியலையேம்மா" என்றான்.