புரொபசரின் ரேடியோ

பெண்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆண் ஹட்டனில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அப்படிச் சொன்னவரும் அவரேதான்.

என் தையல் கடைக்கும் அவருடைய சலூனுக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அவருடைய ரேடியோ பாட்டில்தான் என் மெஷினே ஓடும். ஊருக்கு அவர் 'புரொபசர்'. கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளைகள் கையிலிருக்கும் போனில் தேடாமல், மஸ்கெலியாவிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். முடிவெட்டுக்குத்தான் காசு, தாம்பத்தியப் பாடம் இலவசம்.

"பொம்பளைக்கு உச்சம்னா என்னானு எவனுக்குத் தெரியும் தம்பி?" என்று கத்தரியை ஆட்டுவார். "நமக்கு முடிஞ்சா அவளுக்கும் முடிஞ்சிரும். சத்தமில்லாம கெடந்தானு வையி, பரம திருப்தி. எஞ் சம்சாரம் கட்டுன நாள்லேருந்து ஒரு சத்தம் போட்டதில்ல!"

மாப்பிள்ளைகள் பக்தியோடு தலையாட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் காது தப்பியதே பெரிது. பிறகு அவர்களுடைய மனைவிமார் என்னிடம் ஜாக்கெட் தைக்க வருவார்கள். முகத்தைப் பார்த்தாலே யாருடைய மாணவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு கொடுக்க வந்தவர் செல்வமணி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், அங்கேயே லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர், புரொபசரின் சம்சாரமேதான். நான் அளவு நாடாவை எடுத்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் பாடம் தொடங்கியது.

"...ஒரு சத்தம் போட்டதில்ல!"

செல்வமணி சிரித்த சிரிப்பில் பலகை அதிர்ந்தது.

"என்னங்க! லயத்துச் சுவரு கூரை வரைக்கும் எட்டல. அந்தப் பக்கம் உங்க அக்கா பாய விரிச்சிருக்காங்க. நான் எப்புடிங்க சத்தம் போடுறது? உங்களுக்கு முடிஞ்சிரும். எனக்கு எப்பங்க தொடங்குச்சு? மெதுவானு சொல்லக்கூட வழியில்லாம கெடந்தேன். ஒனக்கு என்னா புடிக்கும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் முடிக்கும்போது சிரிக்கவில்லை. கட்டிய புருஷனிடம் சொல்ல வேண்டியதை ஒரு பலகையிடம் சொல்ல வேண்டியிருந்ததே என்று எனக்குக் கோபமாக வந்தது.

அந்தப் பக்கம் கத்தரி நின்றது. பாதி மீசையோடு ஒரு மாப்பிள்ளை தெருவில் ஓடினார்.

அன்றோடு பல்கலைக்கழகத்துக்குப் பூட்டு. யாராவது சந்தேகம் கேட்டால், "எனக்குத் தெரியாதுடா. ஒம் பொண்டாட்டிகிட்ட கேளு. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத," என்பார். அவர் நடத்தியதிலேயே உருப்படியான பாடம் அதுதான்.

கொஞ்ச நாளில் சலூனில் பாட்டையும் காணோம்.

"ரேடியோ எங்கண்ணே?" என்று பலகை வழியே கேட்டேன்.

அவர் பலகைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல கேட்டாங்கம்மா. அக்காவுக்கு ரேடியோ மட்டும் கேக்குற மாதிரி நல்லா சத்தமா வைக்கணுமாம்."

பாட்டில்லாமல் தைப்பது கஷ்டம்தான். ஆனாலும் அந்த ரேடியோ திரும்பி வரவே கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன்.